லேசான ஷாஃப்ட்

“நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. நான்தான் சொல்வேன்.”

“சரி, நீங்களே சொல்லுங்க. எப்போ?”

“நேரம் பாத்து.”

“நேரத்தையே பாத்துட்டிருந்தீங்கன்னா அப்புறம் கை மேலயும் போகாது, கீழயும் வராது.”

“முதலாளி நல்ல மூடுல இருக்கணும்ல? வேலை குறைவா இருக்கற நாளாப் பாத்துச் சொல்றேன்.”

“வேலை குறைவா இருந்தா அவருக்கு மூடு எப்படிங்க நல்லா இருக்கும்?”

அதற்கு அவன் சிரித்துவிட்டு, சீப்பை மார்புக்கு நேராக அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து அதன் மேல் இப்படியும் அப்படியும் இழுத்து முடியை வாரிக்கொண்டான். “அப்பா தலை வாரலம்மா, சீப்புக்குத் தலையைக் காட்டுறாரு” என்றாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள். மூன்று பேரும் சிரித்தார்கள். பேச்சு அத்தோடு போயிற்று.

அது மழைக்காலத்தில் நடந்த பேச்சு. இப்போது பட்டறையின் தகரக் கூரை வெயிலில் சடசடத்துக்கொண்டிருந்தது. ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் யூனிஃபார்ம் கோட்டு போட்டு உட்கார்ந்து, கலந்துபோன போல்ட்டுகளை அளவு வாரியாக டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே லிஃப்டில் ஏற்றி நிறுத்தியிருந்த வண்டிக்குக் கீழே அவள் கணவன் அண்ணாந்தபடி ஒரு நட்டை இடது கையால் கழற்றிக்கொண்டிருந்தான். வலது கை மடங்கி விலாவோடு ஒட்டியிருந்தது. அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன் அல்ல. ஸ்பானர் நழுவியது. மறுபடி வைத்தான், மறுபடியும் நழுவியது. யாராவது பார்க்கிறார்களா என்று அவன் திரும்பியபோது அவள் சட்டென்று டப்பாவுக்குள் குனிந்துகொண்டாள்.

அது சாதாரண ரிப்பேர் பட்டறை இல்லை. நன்றாக ஓடுகிற வண்டியை இன்னும் வேகமாக ஓடவைக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்கு வசதியும் உள்ளவர்கள் வரும் இடம். இன்ஜினைப் பிரித்துப் பலம் ஏற்றுகிறவர் ஒருவர், வயரிங் பார்க்கிறவர் ஒருவர், வண்டிக்கு அடியில் நடக்கும் வேலைக்கெல்லாம் அவள் கணவன். அதிலும் ஷாஃப்ட் வேலை என்றால் அவனைத்தான் தேடுவார்கள். முன்னால் இருக்கும் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீளமான குழாய் அது. வண்டியின் அடிவயிற்றில், அதற்கென்று இருக்கும் குழிவுக்குள் படுத்துக் கிடக்கும். அதன் முனைகளில் கூட்டல் குறி மாதிரி இருக்கும் இணைப்புக்குக் கிராஸ் என்று பெயர். வண்டி வாசலில் நுழையும்போதே கிராஸ் தேய்ந்த சத்தத்தைக் காதால் பிடித்துவிடுவான் என்பதால் அவனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கிராஸ் வந்தாச்சா, கிராஸ் சாப்பிட்டாச்சா என்றுதான் பட்டறையில் கேட்பார்கள்.

அவள்தான் அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தவள். அவன் வந்த புதிதில் வாஷருக்கு ஒரு தடவை, அதே போல்ட்டின் நட்டுக்கு இன்னொரு தடவை என்று ஜன்னலில் வந்து நிற்பான். “எல்லாத்தையும் ஒண்ணாக் கேட்டா என்ன?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள். “ஒண்ணாக் கேட்டா ஒரு தடவைதானே வர முடியும்” என்றான். அந்த வருஷமே கல்யாணம் ஆயிற்று.

முன்னின்று நடத்தியவர் முதலாளி. அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவன் மாப்பிள்ளை. லீவு கேட்டால், “மாப்ள வீட்டு விசேஷத்துக்கு மாப்ளயே லீவு கேக்கறாரு பாரு” என்று நாலு பேர் சிரிக்கச் சொல்லி, கடைசியில் அரைநாள் கொடுப்பார். அவசர வேலை என்றால், “நம்ம வீட்டு வேலைதானே” என்பார். இத்தனை நெருக்கத்தில் எதையும் முறையாகக் கேட்பதற்கு இருவருக்கும் வாய் வருவதில்லை.

வருஷக்கணக்காகக் கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் வலது தோளில் தாங்கி, வலது கையை மேலே தூக்கிப் போல்ட்டை மாட்டியவன். தோளுக்குள் இருக்கும் தசைநார் கயிறு பிரிவது மாதிரி பிரிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் பார்த்துச் சொன்னார்கள். கையை மேலே தூக்கிச் செய்கிற வேலை மட்டும் கூடாது, மற்றதெல்லாம் செய்யலாம் என்றார்கள். மற்ற வேலை அங்கே இல்லாமலும் இல்லை. கழற்றிய ஷாஃப்டைப் பெஞ்சில் வைத்துக் கிராஸ் மாற்றுவது, பேரிங் அழுத்துவது, கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பது எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலைதான். முன்பு பட்டறையிலேயே நடந்தது. இப்போது முதலாளி அதையெல்லாம் வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிறார். பெஞ்சின் மேல் காலி ஆயில் டின்கள் அடுக்கியிருக்கின்றன. அந்த வேலையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து தனக்குக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர் யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதே இல்லை. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்பார். கண் மங்கிப்போன வெல்டரின் தோளில் கைபோட்டு அப்படித்தான் சொன்னார். கூப்பிடுவார்கள் என்று நம்பி வெல்டர் தன் முகமூடியையும் கையுறையையும் அலமாரியிலேயே விட்டுப் போனார். இப்போது அந்த அலமாரியில் துடைப்பமும் பினாயிலும் இருக்கின்றன. அதனால்தான் அவன் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். வாக்குக் கொடுத்ததால் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பல் டாக்டரம்மாவின் வண்டி வந்தது. நீள மூக்கு வைத்த, பழைய சிவப்பு வண்டி. போன வருஷம் இதே பட்டறையில்தான் அதன் இன்ஜினுக்குப் பலம் ஏற்றினார்கள். டாக்டரம்மா கிளினிக்குக்கும் அதில்தான் போவார், வார இறுதியில் கார் க்ளப்காரர்களோடு சேர்ந்து காலி ரோட்டில் விரட்டவும் அதைத்தான் எடுப்பார். வேகம் ஏறினால் சீட் நடுங்குகிறது, தன் பல்லே ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றார். கிராஸ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஷாஃப்ட் முடிஞ்சுது டாக்டர். இது ரெண்டு துண்டைச் சேத்துச் செஞ்சது. நடுவுல தாங்கற பேரிங் போயிடுச்சு, கிராஸும் போயிடுச்சு” என்றான்.

அந்த இரும்பு ஷாஃப்டை அன்றைக்கே கழற்றினான். இன்ஜின்காரர் ஒரு முனையைப் பிடித்தார், அவன் மறுமுனையைத் தோளில் வாங்கி இறக்கினான். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்ற அவள் உதவ வேண்டியிருந்தது. முதலில் இடது கை, பிறகு தலை, கடைசியில் வலது கையிலிருந்து சட்டையை மட்டும் உருவி எடுத்தாள். “புது ஷாஃப்டை மாட்டும்போது இதே கூத்துதானே?” என்று கேட்டாள். “அப்ப பாத்துக்கலாம்” என்றான்.

மறுநாள் டாக்டரம்மா ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தபோது முதலாளி வெளியே போயிருந்தார். அவன் வேறொரு வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்துப் போயிருந்தான்.

“பழசு மாதிரியே போட்டுடலாமா, இல்ல வேற மாத்தலாமாம்மா? நெட்ல பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தலை சுத்துது” என்றார் டாக்டரம்மா.

அவள் அலமாரிக்கு அடியிலிருந்து சாம்பிள் துண்டுகளை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தாள். “மூணு வழி இருக்கு டாக்டர். பழசு மாதிரியே இரும்புல ரெண்டு துண்டு. இல்லேன்னா இரும்புலயே ஒரே துண்டா நீளமா. இல்லேன்னா ஒரே துண்டா அலுமினியம்.”

“கார்பன்னு ஒண்ணு சொல்றாங்களே?”

“அதுவும் இருக்கு. அதுக்கு நீங்க இன்னும் நிறையப் பல்லு புடுங்கணும்.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். “வேணாம்மா. ஏற்கெனவே வண்டிக்காகத்தான் புடுங்கறேன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு.” இரும்புத் துண்டை ஒரு கையிலும் அலுமினியத் துண்டை இன்னொரு கையிலும் எடுத்துப் பார்த்தார். இரும்பைப் பிடித்த கை தாழ்ந்தது. “அடேங்கப்பா! இது பஞ்சு மாதிரி இருக்கே. உடையாதா?”

“உடையாது. ஆனா கல்லடி பட்டா நசுங்கும். நசுங்கினா முழுசா மாத்தணும்.” இந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“ரோடுதான் பயமா இருக்கு. கிளினிக் தெருவே குண்டும் குழியும். நீங்களா இருந்தா எதைப் போடுவீங்க?”

தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இரும்பே போதும் என்று கணவன் எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இதே ஜன்னலில் அவளே அதைச் சொல்லியிருக்கிறாள். வாய்வரைக்கும் அது வந்தது. முந்தின நாள் உருவி எடுத்த சட்டை கண்ணுக்குள் வந்து நின்றது.

“லேசானதைத்தான் போடுவேன்” என்றாள்.

“ஏன்?”

“தூக்கிப் பிடிக்கறதுக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். “இன்ஜினுக்குச் சொல்றேன். சுத்த வேண்டிய பாரம் குறையும்ல? மிதிச்சதும் வண்டி சட்டுனு எடுக்கும்.”

“அதுதானே எனக்கும் வேணும்” என்ற டாக்டரம்மா அலுமினியத் துண்டை இரண்டு விரலால் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, “போட்ருங்க” என்றார்.

அன்று மதியமே அவள் ஷாஃப்ட் செய்து கொடுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டாள். வண்டி எது, நீளம் எவ்வளவு என்று கேட்டார்கள். நீளத்தைக் கணவன் ஏற்கெனவே அளந்து சொல்லியிருந்தான். இன்ஜின் பலம் கேட்டார்கள், சொன்னாள். “அப்படின்னா பெரிய குழாய்தான் போடணும்மா, சின்னது தாங்காது” என்றது எதிர்க்குரல். “சரி, பெருசே போடுங்க. எடை எவ்வளவு வரும்?” என்று கேட்டாள். கேட்ட பதிலில் மனசு நிறைந்துபோயிற்று. பழைய இரும்பின் எடையில் பாதிகூட இல்லை. இதைக் கணவனிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

பார்சல் வந்த அன்று கேட்டிலிருந்து அவளே சுமந்துகொண்டு வந்தாள். அவளை விட நீளமான பெட்டி. வயரிங்காரர் பதறி எழுந்து வந்தார். “நானே தூக்குவேன், விடுங்க” என்று அவரைத் தாண்டிப் போனாள். டாக்டரம்மாவின் வண்டி லிஃப்டின் மேல் நின்றது. கிராஸ் பெட்டியைப் பிரித்தான். மேலே சுற்றியிருந்த காகிதத்தை விலக்கியதும் அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் கை அப்படியே நின்றது.

“அலுமினியமா? யாரு இதைப் போடச் சொன்னா?”

“டாக்டர்தான் கேட்டாங்க.”

“டாக்டருக்கு யாரு சொன்னா?”

“நான்தான் சொன்னேன். ஏன், நல்லாத்தானே இருக்கு? தூக்கிப் பாருங்க, ஒரு கையால தூக்கலாம்.”

அவன் தூக்கிப் பார்க்கவில்லை. நாலு விரலையும் விரித்துக் குழாயின் குறுக்கே வைத்தான். பிறகு அதே விரித்த கையோடு வண்டிக்கு அடியில் போய் நின்று, ஷாஃப்ட் படுக்கும் குழிவை அண்ணாந்து பார்த்தான். ஒரு பக்கம் புகைக்குழாய் போயிற்று. இன்னொரு பக்கம் சூடு தடுக்கும் தகடு. நடுவில் பழைய பேரிங்கைத் தாங்கிய இரும்புப் பட்டை வண்டியின் உடம்போடு வெல்ட் செய்யப்பட்டு நின்றது.

“லேசுதான்” என்றான் திரும்பி வந்து. “பருமனைப் பாத்தியா? இரும்பு ஒல்லியா இருந்தே தாங்கிடும். அலுமினியம் அதே பலத்துக்குக் குண்டா இருக்கணும். இது உள்ள போகாதும்மா. போகணும்னா புகைக்குழாயை இறக்கித் தள்ளி மாட்டணும். அந்தப் பட்டையை வெட்டி எடுக்கணும். தகட்டைத் தட்டி உள்ள வளைக்கணும். எல்லாம் மேல பாத்த வேலை.”

அவள் தன் விரல்களையும் குழாயின் குறுக்கே வைத்துப் பார்த்தாள். இரும்பு ஒரே துண்டாக வாங்கியிருந்தால் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி மாட்டியிருப்பான், வேலை முடிந்திருக்கும். எடையைக் கேட்டவள் பருமனைக் கேட்கவில்லை.

“திருப்பி அனுப்பிடலாமா?”

“அளவு சொல்லிச் செஞ்சது. எப்படி எடுத்துக்குவான்? சாயங்காலம் டாக்டர் வேற வர்றாங்க.” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “எனக்காகவா இதை வாங்கினே?”

“டாக்டருக்காக.”

“பொய்.”

“ஆமா, பொய்தான். இப்ப என்ன?”

அவன் சிரித்துவிட்டான். “வாஷருக்காக ஜன்னலுக்கு வந்தேனே, அப்பவே நீ அளவு பாக்கத் தெரியாதவன்னு தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்” என்றான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு லிஃப்டை இறக்கப் போனான்.

பட்டறைக்குள் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். ஸ்டோர்க்காரர்கள், வாடிக்கையாளர்கள் யாரும் அதைத் தாண்டி லிஃப்டுக்குக் கீழே போகக் கூடாது. அவள் ஜன்னலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவன் வண்டியைத் தன் தலைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி இறக்கி, ஒரு பெட்டியைப் போட்டு ஏறி நின்று பார்த்தான். கை தோள் மட்டத்திலேயே இருக்கும்படி செய்யப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புகைக்குழாயை அப்படிக் கழற்ற முடிந்தது. ஆனால் பட்டை குழிவுக்குள் உயரத்தில் இருந்தது. தலை வண்டியின் அடித்தகட்டில் முட்டிக்கொண்டது, கை மட்டும் மேலே போயாக வேண்டும். லிஃப்டை மறுபடி ஏற்றினான். இடது கையால் வலது முழங்கையை முட்டுக் கொடுத்துத் தூக்கி, இரும்பு வெட்டும் கிரைண்டரை வைத்தான். தீப்பொறி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்தது. கிரைண்டரை இறக்கி, தொடையில் வைத்து, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கினான்.

முதலாளி அந்தப் பக்கமாகப் போனார். “என்ன மாப்ளே, பட்டையை வெட்டறியா? புதுசு பளபளன்னு இருக்கே. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்ல?”

“முடிச்சிடலாம்ணே.”

“உன் வேலையில நான் என்ன சொல்றது?” என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குள் போனார்.

பட்டை விழுந்தபோது டீ நேரம் தாண்டியிருந்தது. அவனுக்கு வைத்த டீயில் ஏடு படிந்து கிடந்தது. தகட்டைத் தட்டி வளைத்தான். ஒவ்வொரு அடிக்கும் சுத்தியலை இடது கைக்கு மாற்றி, வலது கையை உதறிக்கொண்டான். கடைசியில் ஷாஃப்டை எடுத்தான். லேசாக இருந்ததால் ஒரு கையாலேயே எடுக்க முடிந்தது. முன்முனையைக் கியர்பாக்ஸுக்குள் செருகிவிட்டு, பின்முனையை உயர்த்தி, துளைக்கு நேராகத் துளை வைத்துப் பிடித்தான். இடது கை ஷாஃப்டைத் தாங்கியது. போல்ட் மாட்ட வேண்டிய வலது கை நெஞ்சுவரை வந்து நின்றது. முனை சறுக்கி இறங்கியது. மறுபடி பிடித்தான். இந்தத் தடவை வலது கையில் தாங்கி இடது கையால் மாட்டப் பார்த்தான். தோளிலிருந்து கை அப்படியே விட்டுப் போயிற்று. ஷாஃப்டின் முனை கீழே வந்து அவன் தொடையில் இடித்து நின்றது.

இன்ஜின்காரர் அன்று லீவு. வயரிங்காரர் ஒரு டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தார். அவள் ஜன்னல் கதவைத் திறந்துகொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனாள்.

“நீ எதுக்கு வர்றே? யூனிஃபார்ம் கோட்டு அழுக்காகும்.”

“தோச்சுக்கலாம். எங்க பிடிக்கணும் சொல்லுங்க.”

“அவர் பாத்தா ஏதாவது சொல்வாரு.”

“தங்கச்சிதானே, சொல்லட்டும். எங்க பிடிக்கணும்?”

அவன் காட்டினான். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஷாஃப்டைத் தாங்கினாள். வெட்டிய பட்டையின் துகளும் பழைய கிரீஸும் கோட்டின் கைக்குள் உதிர்ந்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. “இவ்வளவுதானா?” என்றுகூடக் கேட்டாள். அவன் பெட்டியின் மேல் ஏறி, இடது கையால் முதல் போல்ட்டைத் திருகினான். துளை நேராக வர அவள் கொஞ்சம் வலது பக்கம், கொஞ்சம் மேலே, இன்னும் ஒரு மயிரிழை என்று நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டாவது போல்ட்டின்போது விரல் நுனி மரத்தது. மூன்றாவதற்கு ஷாஃப்டைக் கொஞ்சம் சுழற்றிப் பிடிக்கச் சொன்னான். அப்போது முழங்கை நடுங்க ஆரம்பித்தது. பஞ்சு மாதிரி இருந்த சாமான் மேலிருந்து யாரோ ஏறி உட்கார்ந்தது மாதிரி கனத்தது.

“இரும்பையா இத்தனை வருஷம் இப்படிப் பிடிச்சீங்க?” என்றாள்.

“பேசாம பிடி. பேசினா ஆடுது.”

கிராஸின் நெற்றியிலிருந்து வியர்வை அவள் மணிக்கட்டில் சொட்டியது. அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு வேலை செய்தான். நாலாவது போல்ட்டை டப்பாவிலிருந்து எடுத்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. முதலாளியும் டாக்டரம்மாவும் உள்ளே வந்தார்கள்.

“அட, என்ன இது? குடும்பமே வண்டிக்கு அடியில குடியேறிடுச்சு!” என்றார் முதலாளி. “தங்கச்சி, ஸ்டோரை யாரு பாக்கறா?”

“இதோ வந்துட்டேண்ணே” என்றாள். கையை இறக்க முடியாததால் தலையை மட்டும் திருப்பினாள்.

“ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! அப்படியே இருங்க, அப்படியே இருங்க” என்று டாக்டரம்மா போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். “ரெண்டு பேரும் சேர்ந்து என் வண்டிக்கு வேலை செய்யறாங்கன்னு க்ளப்ல போடப்போறேன். நேத்தே சொல்லிட்டேன் சார், எல்லாருக்கும் இதே அலுமினிய ஷாஃப்டுதான் வேணுமாம். இந்த அம்மா சொன்னது அவ்வளவு பிடிச்சுப் போச்சு.”

“கேட்டியா மாப்ளே?” முதலாளியின் முகம் மலர்ந்தது. அவர் கோட்டைத் தாண்டி வந்து ஷாஃப்டை விரலால் சுண்டிப் பார்த்தார். அது மணி போல ஒலித்தது. அந்த அதிர்வு அவள் உள்ளங்கையில் இறங்கியது. “அடுத்த வாரத்துலேருந்து வரிசையா வண்டி வரும். பட்டை வெட்டறது, குழாய் தள்ளறது எல்லாம் உனக்கு இப்ப கைவந்துடுச்சுல்ல? இனிமே நம்ம பட்டறைக்கு இந்த வேலைதான். எல்லாம் உன் கையிலதான் இருக்கு.”

அவள் அவனைப் பார்த்தாள். நேரம் பாத்து என்று அவன் மறுபடியும் தலையைக் குனிந்துகொள்ளப் போகிறான் என்றே நினைத்தாள். வாக்குக் கொடுத்திருந்தாலும் தானே சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. ஆனால் அவன் குனியவில்லை. நடுங்குகிற அவள் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஷாஃப்ட் கொஞ்சம் தாழ்ந்தது, அவள் பல்லைக் கடித்து அதை மறுபடி மேலே ஏற்றினாள்.

“அண்ணே” என்றான்.

“சொல்லு மாப்ளே.”

“மாப்ளயாக் கேக்கலண்ணே. வேலைக்காரனாக் கேக்கறேன்.”

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டரம்மா போனைத் தாழ்த்தவில்லை, அது இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கிராஸ் பெட்டியிலிருந்து கீழே இறங்கினான். நாலாவது போல்ட்டை வலது கை விரல்களில் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினான். வயிற்றைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தோளுக்குச் சமமாக வந்ததும் கை நின்றது. அவன் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கை அதற்கு மேல் போகவில்லை. போல்ட்டுக்கு மேலே எட்டாத உயரத்தில் மனைவியின் கைகளும், கைகளுக்கு நடுவே திறந்து கிடந்த துளையும் இருந்தன.

“இவ்வளவுதான்ணே போகுது. பல மாசமா இவ்வளவுதான். இனிமே மேல பாத்த வேலை என்னால ஆகாது. வெளிய அனுப்பற பெஞ்சு வேலையெல்லாம் எனக்குக் குடுங்க.”